அடுப்படி முன்னாலா, பின்னாலா?

முத்துப்பேட்டை உள்ளிட்ட காவிரி டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் அடுப்படி. காரணம் எளிது. கிணறும் விறகும் கொல்லையில். புகையும் அந்தப் பக்கமே போய்விடும்.

வாஸ்து சொல்லும் அக்னி மூலையோ தென்கிழக்கு. கிழக்கு பார்த்த வீட்டில் அது வாசல் பக்கம் வந்துவிடும்! மேற்கு பார்த்த வீட்டிலோ சாஸ்திரமும் வழக்கமும் ஒத்துப்போகும்.

ஆனால் திசையை விட முக்கியமானது இடைவெளி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள்.

கேஸ் வந்தபின் புகை இல்லை, சமையலறை ஹாலுக்கே வந்துவிட்டது. முன்னால் இருக்கட்டும், பின்னால் இருக்கட்டும். தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியேற அடுப்பைத் தாண்டாத வழி இருக்கிறதா? வீடு கட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.