ஒரே பெரட்டுக்களம், வெவ்வேறு கங்காணிகள்

அட்டன் என்றதும் பலருக்குத் தேயிலை நினைவுக்கு வரும். பத்திரிகைத் தொழிலிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஒரு பத்திரிகையாசிரியர்தான். தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர். மலையகத் தொழிற்சங்கத்தின் தந்தை என்று அவருக்கு மாலை சூட்டிவிடுகிறோம். அவர் ஏற்ற வேலையில் மிகக் கடினமானது எது என்று அதிகம் யோசிப்பதில்லை. துரைமாரை எதிர்த்து எழுதியது கடினம்தான். ஆனால் ஒரு லயத்துக்காரரை அடுத்த லயத்துக்காரருக்காக வாய் திறக்க வைத்தது அதைவிடக் கடினம் என்பேன்.

ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறார்கள். விடியுமுன் ஒரே பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களில், ஒரே சுவருக்கு இருபுறமும் படுத்து உறங்குகிறார்கள். இவர்களிடையே தோழமை தானாக வளராதா என்று கேட்கலாம். தோட்டத்தின் அமைப்பு அதற்கு இடம் வைக்கவில்லை. பெரிய கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும், உறவும் சாதியும் பார்த்துத் திரட்டி வந்த கூட்டம் அவருடைய 'ஆள்'. பயணச் செலவு தொடங்கி எல்லாம் அவர் கணக்கில் கடனாக ஏறும். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. ஆகவே ஆள்தான் அவருக்கு முதல். ஒரு கூட்டம் தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டு அது. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கங்காணியின் பிடி அத்தனை விரைவில் தளரவில்லை.

அந்த மக்களிடம் ஈரம் இருக்கவில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சாவு வீட்டில் கூடி நிற்கவும், பிரசவத்துக்குக் கைகொடுக்கவும், மாசியில் காமன் கூத்துக்கு ஒன்றுசேரவும் அவர்கள் அறிந்திருந்தார்கள். சம்பளக் கணக்கில் அநியாயம் நேர்ந்தால் சேர்ந்து நிற்பதற்குத்தான் வழி இல்லாதிருந்தது. முறையிட வேண்டிய இடமும் கங்காணி, முறைப்பாட்டுக்கு உரியவரும் பல வேளைகளில் அவரே.

தோட்டம் தனியார் சொத்து. வெளியார் அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். மூட்டையை இறக்கி வைத்தால் பெண்கள் கூடுவார்கள், பேச்சுத் தொடங்கும். அப்படிக் கேட்டறிந்ததைப் பின்னர் எழுத்தாக்கினார். கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியராக இருந்தார். செய்தி சேகரிப்பைப் பற்றி நம் இளைய நிருபர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எதுவும் எனக்குத் தெரியாது.

கொழும்பில் அவர் ஏ. ஈ. குணசிங்கவுடன் சேர்ந்து சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் அடங்கிய சங்கத்தில் பணியாற்றினார். அந்த உறவு 1920களின் இறுதியில் முறிந்தது. வேலை அருகிய காலத்தில் குணசிங்கவின் பேச்சு இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. அருகே நின்று வேலை செய்தவனே போட்டியாளனாகக் காட்டப்பட்டான். இந்தக் கசப்போடுதான் நடேசய்யர் மலைநாட்டுக்கு வந்து, 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

உடன் வந்தவர் மனைவி மீனாட்சியம்மாள். எழுத்தறியாத மக்களுக்குப் பத்திரிகை எட்டாத இடத்தில் அவருடைய பாட்டு எட்டியது. துயரங்களைத் தெரிந்த மெட்டுகளில் கட்டிக் கூட்டங்களில் பாடினார். ஒரு கங்காணியின் ஆளும் இன்னொரு கங்காணியின் ஆளும் ஒரே பாட்டைத் தத்தம் லயத்துக்குக் கொண்டுபோனதை எந்தத் துரையும் தடுத்திருக்க முடியாது.

இந்த நெருக்கத்துக்குத் தோட்ட நிர்வாகம் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தவர் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர். அவர் தொழிலாளரோடு சரிசமமாகப் பழகினார். வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைச் சாடிப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் நாடுகடத்த ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று விடுவித்தது.

பின்னர் 1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அடுத்த மாதங்களில் வேலைநிறுத்தங்கள் ஊவா வரை பரவின. கோவிந்தனை ஒருநாளும் கண்டிராதவர்கள், அவருடைய கங்காணியின் பெயர்கூட அறியாதவர்கள் கொந்தளித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

நடேசய்யர் 1947 நவம்பர் 7இல் மறைந்தார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவர் திரட்டிய மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிற்காலத்தில் ஒரே லயத்தில் மூன்று நான்கு சங்கங்களுக்குச் சந்தா போனது தனிக்கதை.

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மீனாட்சியம்மாளின் பாட்டை லயத்துக்குக் கொண்டுபோனவர்களும் அவர்கள்தாம். அவர்களுடைய நாட்சம்பளம் ஆண்களுடையதற்குச் சமமானது 1984இல்.