பந்தியில் பேசப்பட்டவை



ஊர்ப் பந்தியில் நம் பாட்டன்மாருக்கு இலை போட்டதில்லை. எச்சில் இலை எடுக்கப் போனவர்களின் காதில் பந்திப் பேச்சு மட்டும் விழுந்தது. மேடையில் மறைப்பதைப் பந்தியில் பேசுவார்கள் என்பது நம் பழைய அனுபவம். அந்த அனுபவத்தோடுதான் ஹிட்லரின் உணவு மேசைப் பேச்சுகளைப் படிக்கிறோம்.

1941 ஜூலை முதல், போர்த் தலைமையகத்தில் சாப்பாட்டு நேரத்திலும் நள்ளிரவுத் தேநீரின்போதும் அவர் பேசியதை ஹைன்ரிக் ஹைமும் பிறகு ஹென்றி பிக்கரும் குறித்துவைத்தார்கள். ஏற்பாடு மார்ட்டின் போர்மனுடையது. குறிப்புகளில் பெரும்பகுதி நினைவிலிருந்து எழுதியவை. 1953-இல் வந்த ஆங்கிலப் பதிப்போ பல இடங்களில் பிரெஞ்சு வழியாக வந்தது. ஆகவே ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடாமல் பிற ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும்.

பிரிட்டனுக்கு இந்தியா எப்படியோ, அப்படியே ஜெர்மனிக்கு ரஷ்ய நிலம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சிலரை வைத்துக் கோடிக்கணக்கானோரை ஆளும் வித்தையை வியந்தார். அம்மக்களுக்குச் சாலைப் பலகை புரியும் அளவுக்கு மேல் படிப்பு வேண்டாம் என்றார். 1940 மே மாதம் ஹிம்லர் எழுதிய குறிப்பும் இதையே சொல்கிறது: நான்கு வகுப்பு, 500 வரை எண்ணிக்கை, தன் பெயரை எழுதுதல் போதும், வாசிப்பு தேவையில்லை. எழுத்து மறுக்கப்பட்ட வரலாறு உடைய நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1941 அக்டோபர் 25 இரவு விருந்தினர்கள் ஹிம்லரும் ஹைட்ரிக்கும். யூதர்கள் ஐரோப்பாவிலிருந்து மறைய வேண்டும் என்பது அன்றைய பேச்சு. அதற்கு ஒரு மாதம் முன்புதான் கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தில் இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 1942 ஜனவரி 20 வான்சே கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அதே ஹைட்ரிக். மேசைப் பேச்சு கட்டளை அல்ல. ஆனால் கேட்டவர்கள் கையில் அதிகாரம் இருந்தது.

அந்த மேசையில் அவர் உண்டது மரக்கறி. இறைச்சிக்கூடத்தின் கொடுமையைச் சொல்லி விருந்தினரைக் கூசவைப்பார். உணவுத் தூய்மை மனிதநேயத்துக்குச் சான்று ஆகாது.

சமபந்தியால் மட்டும் சாதி ஒழியாது, அது மனத்தில் இருக்கிறது என்று 1936-இலேயே அண்ணல் எழுதினார். ஆகவே நம் வீட்டுச் சோற்று நேரத்தையும் கேட்போம். அருந்ததியரைப் பற்றி, பெண்களைப் பற்றி நாம் அங்கே என்ன பேசுகிறோம்? அதைக் குறித்துவைத்தால் மேடையில் வாசிக்க நமக்குத் துணிவு வருமா?