பிறர் இட்ட பெயர்: 'கிளிங்' என்னும் சொல் நமக்குச் சொல்வது

மலாய் மொழியில் 'கெலிங்' என்றும், பழைய ஆங்கில ஆவணங்களில் 'கிளிங்' என்றும் வழங்கிய ஒரு சொல்லே இவ்வுரையின் பொருள். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர் பலர் இச்சொல்லை வசையாகவே முதலில் கேட்டிருப்பர். சொல்லின் பொருளை அறிய ஆசிரியரை அணுகினால், பெரும்பாலும் ஒரு கதை விடையாகக் கிடைக்கும். பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொணர்ந்தனர். அவர்தம் கால் விலங்குகள் 'கிளிங் கிளிங்' என ஒலித்தன. அவ்வொலியே இனப்பெயராயிற்று என்பது அக்கதை. கதை உருக்கமானது. ஆயினும் உண்மையன்று.

கைதிகள் இங்கு வந்தது உண்மை. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் குடியிருப்பாகவும் விளங்கிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும், இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் அவர்தம் உழைப்பால் எழுந்தவை. ஆனால் 'கெலிங்' என்னும் சொல் அவர்களுக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. 1512 முதல் 1515 வரையான காலத்தில் தம் நூலை எழுதிய போர்த்துக்கீசியர் தொமே பிரெஸ், மலாக்காவின் கெலிங் வணிகரைப் பற்றி விரிவாகக் குறிக்கிறார். அவர் கண்டவர் விலங்கு பூண்ட கைதியர் அல்லர். கப்பல்களுக்கு உரியவராக விளங்கிய செல்வர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், தம் ஆவணங்களில் 'நினா சட்டு' என்று குறிக்கும் தமிழ் வணிகரையே இந்து மக்களுக்குத் தலைவராக, 'பெண்டஹாரா' என்னும் உயர் பதவியில் அமர்த்தினர். அன்று 'கெலிங்' என்றால் துறைமுகத்தின் பெருவணிகர் என்றே கேட்டவர் உணர்ந்திருப்பர்.

சொல்லின் வேர் 'கலிங்கம்' என்பது மொழியியலார் பரவலாக ஏற்ற முடிவு. இன்றைய ஒடிசாவையும் ஆந்திரத்தின் வடபகுதியையும் தழுவிய கலிங்கக் கடற்கரையிலிருந்து வந்த வணிகரை மலாய் உலகம் முதலில் அறிந்தது. பின்னர் வந்த தென்னிந்தியர் அனைவரையும் அப்பெயராலேயே அழைத்தது. தெற்கேயிருந்து வந்தவருள் தமிழர் மிகுந்தபோது பெயர் தமிழர்மேல் நின்றுவிட்டது. இதில் ஒரு நகைமுரண் உண்டு. கலிங்கத்தை வென்றதைத் தமிழர் பரணி பாடிக் கொண்டாடினர். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி குலோத்துங்கனின் அவ்வெற்றியைப் பொருளாகக் கொண்டது. கடல் கடந்ததும் வென்றவர் தோற்றவரின் பெயரைச் சுமக்க நேர்ந்தது! சுமத்திராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிறுவியது. அவர்கள் தம்மை ஐந்நூற்றுவர் என்றே பொறித்தனர். தம்மைக் கலிங்கர் என்று அவர்கள் எண்ணியிருக்க வழியில்லை.

அவ்வாறாயின், மதிப்புடைய பெயர் இழிபெயரானது எவ்வாறு? சொல் தானாகக் கெடுவதில்லை. அதனைத் தாங்கிய மக்களின் நிலை மாறும்போது சொல்லின் நிறமும் மாறுகிறது. மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காதர் முகைதீன் என்னும் தலைவரால் எழுப்பப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அப்பெயரைப் பெருமையுடன் தாங்கி நின்றன, இன்றும் நிற்கின்றன. கப்பித்தான் என்பது சமூகத் தலைவருக்கு அரசு அளித்த பட்டம். பெயரில் இழிவு இருந்திருப்பின் பட்டத்தோடு அதனைச் சேர்த்திரார். அதன் பின்னர் 19ஆம் நூற்றாண்டில் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் சாலைப் பணிக்கும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக வந்தனர். படகோட்டி, மாட்டுவண்டிக்காரர், துப்புரவுத் தொழிலாளி ஆகியோரையே நகரம் நாள்தோறும் கண்டது. வணிகருக்குரிய பெயர் கூலிக்குரிய பெயராயிற்று. 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்னும் ஆங்கில இந்தியச் சொல்லகராதி இச்சொல்லுக்கென ஒரு பதிவையே ஒதுக்கியது.

சிங்கப்பூர் நகரின் தெருப்பெயர்களே இம்மாற்றத்துக்குச் சான்று. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் தென்னிந்திய முஸ்லிம்களுக்கெனச் 'சூலியா கம்போங்' என்னும் பகுதி ஒதுக்கப்பட்டது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் தோன்றிய ஜாமே பள்ளிவாசலைச் சூலியா பள்ளி என்றும் அழைப்பர். அதன் அண்டையிலேயே நாராயண பிள்ளையின் முயற்சியால் 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. இவற்றுக்கு அருகே, வணிகப் பகுதியில் 'கிளிங் ஸ்திரீட்' என ஒரு தெரு இருந்தது. இந்தியச் சமூகத்தார் அப்பெயரை எதிர்த்தனர். 1920களின் தொடக்கத்தில் அது 'சூலியா ஸ்திரீட்' ஆயிற்று. இவ்விரு பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 'சூலியா' என்பதும் பிறர் வழங்கிய பெயரே. சோழர் என்னும் பெயரோடு அதனை இணைப்பாரும் உளர். அது முடிந்த முடிபன்று. ஒரு வெளிப்பெயரை விலக்கி இன்னொரு வெளிப்பெயரை நம்மவர் ஏற்றனர். இரண்டாவது பெயரில் வசை ஏறவில்லை, அவ்வளவே வேறுபாடு.

பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. பேர் எடுப்பது அரிது. இதனை நன்குணர்ந்த தலைமுறை 1930களின் தலைமுறை. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்ற பின்னர் சீர்திருத்த இயக்கம் இங்கு வலுப்பெற்றது. 1903இல் திருவாரூரில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த கோ. சாரங்கபாணி தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்றார். சங்கத்தின் ஏடாக 1935இல் தோன்றிய தமிழ் முரசு அவர்தம் கையில் நாளிதழாக வளர்ந்தது. மது, சாதிப் பிரிவினை, வீண் சடங்கு ஆகியவற்றை அவ்வியக்கம் கடிந்தது. கடிதலின் பின்னால் இருந்த கவலையை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிறர் நம்மை எவ்வாறு பார்க்கின்றனர் என்னும் கவலை அது. சாதியாலும் மாவட்டத்தாலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்தோர், 'தமிழர்' என்னும் ஒரே தன்பெயரின்கீழ்த் திரளவேண்டும் என்று சாரங்கபாணி விரும்பினார். 1952இல் தொடங்கிய தமிழர் திருநாளும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்காக அவர் நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திரட்டும் அவ்வெண்ணத்தின் விளைவுகள். பிறர் இட்ட பெயரை மறுப்பதைவிடத் தமக்குரிய பெயரை உரக்கச் சொல்வதே பயன் தரும் என்று அவர் கண்டார். எம் கருத்தில் இதுவே கிளிங் ஸ்திரீட்டின் பெயரை மாற்றியதைக் காட்டிலும் பெரிய செயல்.

இவ்விடத்தில் நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுதல் நேர்மை. ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன்; உலக மொழிகள் பலவற்றில் அச்சொல் பரவியுள்ளது. அது சென்றது தமிழிலிருந்து. பறை முழக்கியவரின் பெயரை வசையாக்கிய பழி ஆங்கிலேயரை மட்டும் சாராது. வசையோடு சேர்த்தே நாம் அதனைக் கொடுத்தோம். மலேசியாவில் 1971இல் வெளிவந்த 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவல் பள்ளிப் பாடநூலானபோது, 2010, 2011 ஆம் ஆண்டுகளில் அச்சொல்லை முன்னிட்டே பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோரின் சினம் நியாயமானது. அச்சொல்லைத் தத்தம் ஊரில் எவர் எவர்மீது வீசினர் என்னும் வினா மட்டும் அன்று போதிய அளவு எழவில்லை. 'கூலி' என்னும் சொல்லும் தமிழிலிருந்தே உலகுக்குச் சென்றது என்பார் உளர். குசராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர்.

எல்லாச் சொற்களும் இழிந்தே போவதில்லை. சிங்கப்பூரின் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் உள்ள சிறு கடையைச் சீனரும் மலாய்க்காரரும் 'மாமா கடை' என்றே அழைக்கின்றனர். நம் உறவுச்சொல் ஒன்று நாட்டுக்கே பொதுவாயிற்று. தமிழ் முஸ்லிம் கடைக்காரரை முறைவைத்து விளித்ததன் எச்சம் அது.

இனி, அண்டை இனம் ஒன்றின் பெயரை நோக்குவோம். 'பிலிப்பினோ' என்னும் பெயர் ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்பின் பெயரால் வந்தது. 1543இல் அவர் இளவரசராக இருந்தபோதே அத்தீவுகள் சிலவற்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. ஆனால் நெடுங்காலம் 'பிலிப்பினோ' என்பது அத்தீவுகளில் பிறந்த ஸ்பானியரையே குறித்தது. மண்ணின் மக்களுக்கு 'இந்தியோ' என்பதே பெயர். அச்சொல்லில் ஏளனம் இருந்தது. ஹோசே ரிசால் 1889இல் பாரிசில் தம் தோழரைத் திரட்டி, 'வீர இந்தியோக்கள்' எனத் தம் குழுவுக்குப் பெயரிட்டார். வசையை மாலையாக அணிந்துகொண்ட செயல் அது. ஸ்பானியருக்குரியதாக இருந்த 'பிலிப்பினோ' என்னும் பெயரையும் அவர்தம் தலைமுறை தனதாக்கிக்கொண்டது. ரிசால் சிங்கப்பூருக்குப் புதியவர் அல்லர். 1882இல் ஐரோப்பாவுக்குச் செல்லும் வழியில் இங்கு இறங்கினார். 1896இல் கைதியாக மணிலாவுக்குக் கொண்டு செல்லப்பட்டபோதும் அவர் இருந்த கப்பல் இங்கு நின்றது. நீதிமன்றத்தின் வழி அவரை மீட்க நண்பர் செய்த முயற்சி பயனளிக்கவில்லை. அவ்வாண்டு திசம்பர் 30இல் அவர் சுடப்பட்டார். அவருக்குச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்தின் அருகே நினைவுச் சின்னம் உண்டு.

அத்தகையோரின் வழிவந்த மக்கள் 2014இல் இந்நகரில் பட்டதை நாம் மறத்தல் ஆகாது. சிங்கப்பூர்வாழ் பிலிப்பினோக்கள் தம் விடுதலை நாளை அவ்வாண்டு சூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையில் கொண்டாட எண்ணினர். இணையத்தில் வசைமாரி பொழிந்தது. பிரதமர் லீ சியன் லூங் அச்செயலைக் கண்டித்தார். அத்தகையோரால் நாட்டுக்கு இழுக்கு என்றார். எனினும் ஏற்பாட்டாளர்கள் விழாவைக் கைவிட்டனர். அதற்கு ஆறு திங்களுக்கு முன்னர்தான், 2013 திசம்பர் 8இல், லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார், கலவரம் மூண்டது. அன்றிரவே இணையத்தில் தொடங்கிய பேச்சில் வெளிநாட்டு ஊழியர் அனைவரும் குற்றவாளிகளாயினர். விசாரணைக் குழு அமைந்தது. மது விற்பனைக்கும் அருந்துதலுக்கும் 2015இல் சட்டக் கட்டுப்பாடு வந்தது.

அந்நாள்களில் இந்நகரத் தமிழர் பலர் சொன்ன ஒரு தொடர் எம் காதில் இன்னும் ஒலிக்கிறது: "அவர்கள் வேறு, நாங்கள் வேறு." இத்தொடரை இலக்கணக் கண்ணால் பார்த்தல் வேண்டும். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரை உள்ளடக்குவது 'நாம்', விலக்குவது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மலாயில் உண்டு, 'கித்தா' உள்ளடக்குவது, 'காமி' விலக்குவது. ஹொக்கியனில் 'லான்', 'குவான்' என உண்டு. பிலிப்பினோக்களின் தகாலோக்கில் 'தாயோ', 'காமி' என உண்டு. இந்நகரின் பழைய மொழிகள் பலவும் இவ்வேறுபாட்டை அறியும்; அலுவல் மொழி மட்டும் அறியாது. ஆகவே 'நாம் சிங்கப்பூரர்' என்று ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னால் கேட்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பது தெரிவதில்லை. தமிழில் ஒளிக்க இயலாது. நம்மவர் அன்று 'நாங்கள்' என்று சொன்னது சீன நண்பரிடம். விலக்கியது தேக்காவின் புல்வெளியில் ஞாயிறுதோறும் அமர்ந்திருந்த தமிழரை. ஊர் என்பதே தமிழருக்கு உறவு. 'ஊர்க்காரர்' என்றால் நம்மூரைச் சேர்ந்தவர் என்று பொருள். அச்சொல்லே இங்கு இந்தியாவிலிருந்து வந்தவரைத் தள்ளிவைக்கும் சொல்லாகச் சிலர் நாவில் திரிந்துள்ளது. கெலிங் என்னும் சொல்லுக்கு நேர்ந்தது, அளவில் சிறிதாக, நம் வீட்டுக்குள்ளேயே நேர்கிறது.

வகுப்பறையில் இச்சொல்லை எவ்வாறு கையாள்வது என்று ஆசிரியர் பலர் எம்மிடம் வினவியதுண்டு. மறைத்தல் கூடாது என்பதே எம் விடை. விலங்கின் ஒலிக்கதையைச் சொல்லிவிட்டு நிறுத்தினால், தம் முன்னோர் கைதியராக மட்டுமே வந்தனர் என்று மாணவர் நம்புவர். கைதியராக வந்தமையும் இழிவன்று, அது வேறு. தொமே பிரெசின் மலாக்காவையும் பாருஸ் கல்வெட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அகராதியிலிருந்து நீக்கிவிட்டால் சொல் மறைந்துவிடும் என்று கருதுவோரும் உளர். மலேசியாவில் தேசிய மொழி நிறுவனத்தின் அகராதியில் 'கெலிங்' இடம்பெற்றது பற்றி வழக்கே நடந்தது. வழக்குத் தொடுத்தோரின் வேதனை நமக்குப் புரிகிறது. ஆயினும் அகராதியின் கடமை வழக்கிலுள்ள சொல்லைப் பதிவதும், அது இழிவழக்கு என்று குறிப்பதுமே என்பதில் எமக்கு ஐயமில்லை.

சூலியா ஸ்திரீட்டின் பழைய பெயரை இன்று அறிந்தவர் சிலரே. ஆனால் தீவின் மேற்கே, ஜூரோங்கின் கப்பல் பட்டறைப் பகுதியில், 'தஞ்சோங் கிளிங் சாலை' என்னும் பெயர் மாறாமல் இருக்கிறது. தஞ்சோங் என்றால் கடல்முனை. அப்பெயரை மாற்றவேண்டும் என்று எவரேனும் விண்ணப்பித்தால் நாம் கையொப்பமிட மாட்டோம். கப்பலோடு சேர்த்து அப்பெயர் வழங்கும் இடம் இந்நகரில் அது ஒன்றே.