தசையை முறுக்கும் கலை

தசையை முறுக்கிக் காட்டுவதற்கென்றே சீட்டு விற்று அரங்கை நிரப்ப முடியும் என்று காட்டியவர் யூஜின் சாண்டோ. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867-இல் பிறந்த இவரின் இயற்பெயர் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 1889-இல் லண்டன் மேடையில் சாம்ப்சன் என்ற பலசாலியை வென்று பெயர் பெற்றார். அன்றைய பலசாலிகள் சங்கிலியை அறுப்பார்கள், கனத்த குண்டுகளைத் தூக்குவார்கள். சாண்டோவும் தூக்கினார். ஆனால் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின்போது நிகழ்ச்சி அமைப்பாளர் ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட் அவரை வைத்து நடத்திய நிகழ்ச்சிகளில், தூக்கிய பளுவைவிட அவர் நின்ற நிலையைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த ஆண்டு எடிசனின் ஸ்டூடியோவில் பதிவான சிறு படத்தில் அவர் கையில் எந்தப் பளுவும் இல்லை. உடலைத் திருப்பித் திருப்பித் தசைகளை இறுக்கிக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

மேடையை விட்டுப் பயிற்சி ஆசிரியரானபோது சாண்டோ அதே வித்தையைப் பாடமாக்கினார். 1897-இல் வெளியான அவரது நூல், இலேசான டம்பெல்ஸைப் பிடித்துக்கொண்டு மனத்தை முழுவதும் அந்தத் தசையில் நிறுத்தச் சொன்னது. பின்னால் அவர் விற்ற டம்பெல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவே சுருள்வில் வைக்கப்பட்டது. வில்லை இறுக்கிப் பிடித்தபடியே கையை மடக்க வேண்டும். கவனம் சிதறினால் பிடி விரிந்துவிடும். 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய போட்டியில் எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயிலும் ஒரு நடுவர். இன்றைய ஆணழகன் போட்டிகளுக்கு அதுவே முன்னோடி. விளம்பரங்கள் உரக்கச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: சாண்டோ தன் பலத்தைப் பெற்றது பிரஸ்ஸல்ஸில் ‘பேராசிரியர்’ அட்டிலா என்ற பயிற்சியாளரிடம் கனத்த பார்பெல்களைத் தூக்கித்தான். தசை முறுக்கலின் வரலாறு நெடுக இந்த இரட்டைக் கணக்கு தொடர்கிறது.

இக்கலையை நுணுக்கத்தின் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் மாக்சிக். ஆஸ்திரியாவின் பிரெகென்ஸில் 1882-இல் பிறந்த மாக்ஸ் சிக், குழந்தைப் பருவம் முழுவதும் நோயுடன் போராடியவர். ஐந்தடி நாலங்குல உயரம், 66 கிலோவை ஒட்டிய எடை. ஆனால் உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே எழுப்பவும் அடக்கவும் அவரால் முடிந்தது. 1909-இல் லண்டனுக்கு வந்து, சாண்டோவின் மாணவரான மாண்டி சால்டோவுடன் சேர்ந்து, இருவர் பெயரையும் இணைத்து ‘மாக்சால்டிங்’ என்ற அஞ்சல்வழிப் பாடத்தை நடத்தினார். தசைக் கட்டுப்பாடு பற்றி அவர் எழுதிய நூலைப் பிற்காலத்தவர் பலரும் பின்பற்றினர்.

மாக்சிக் சொன்னவற்றில் மிக முக்கியமானது இறுக்குவது அல்ல, தளர்த்துவது. வேலைக்குத் தேவையான தசை மட்டும் இறுக வேண்டும். மற்றவை துவண்டு கிடக்க வேண்டும். தோளை உயர்த்தும்போது கழுத்தும் தாடையும் சேர்ந்து இறுகினால் பலம் வீணாகிறது என்பது அவர் கட்சி. விளையாட்டுப் பயிற்சிக்கு இந்தக் கலை தந்த உண்மையான கொடை இதுவே. அவரைப் பின்பற்றியவர்களில் பெரும்பாலோர் இதை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் முறுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டது பெரிய இழப்பு. மாக்சிக்கும் வெறும் முறுக்கலோடு நின்றவர் அல்லர். தன் உடல் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலான பளுவைத் தலைக்கு மேல் தூக்கியவர் அவர்.

சாண்டோ 1904–05 காலத்தில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். கோவையில் பிறந்து படத் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ‘சாண்டோ’ ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பெயர் இங்கே ஊறிப்போனது. பெங்களூரில் கே.வி. ஐயர் 1920களில் உடற்பயிற்சிக் கூடம் தொடங்கிப் பார்பெல்லையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்றுக்கொடுத்தார். கல்கத்தாவில், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி விஷ்ணு சரண் கோஷ் 1923-இல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். கேசவ சந்திர சென் குப்தாவுடன் சேர்ந்து 1930-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘தசைக் கட்டுப்பாடும் பார்பெல் பயிற்சியும்’. இரட்டைக் கணக்கை மறைக்காமல் அட்டையிலேயே அச்சிட்ட நேர்மை அது.

ஐரோப்பியர் தசைக் கட்டுப்பாடு என்று மேடையேற்றியதில் ஒரு பகுதி ஹடயோகத்தில் ஏற்கெனவே இருந்தது. நௌலி அதற்குச் சரியான சான்று. கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை இலேசாக மடக்கி, உள்ளங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக் குனிந்து நிற்க வேண்டும். மூச்சு முழுவதையும் வெளியேற்றி, வயிற்றை விலா எலும்புக்கு அடியில் உள்ளிழுக்க வேண்டும். பிறகு கைகளால் தொடையை அழுத்தினால், வயிற்றின் நடுவிலுள்ள இரு நேர்த்தசைகளும் தூண் போல முன்னே எழும். வலக்கையை மட்டும் அதிகமாக அழுத்தினால் வலப்புறத் தசை மட்டும் நிற்கும். கைகளை மாற்றி மாற்றி அழுத்தினால் தசை அலை போல வயிற்றில் ஓடும். வெளிப்பளு ஏதுமின்றி, ஒரு தசையின் ஒரு பாதியை மட்டும் ஏவக் கற்பது சாதாரணக் காரியமல்ல. பல மாதப் பழக்கம் வேண்டும்.

கோஷின் மாணவர் மனதோஷ் ராய் 1951-இலும், ‘பாக்கெட் ஹெர்குலிஸ்’ மனோகர் ஐச் 1952-இலும் தங்கள் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார்கள். ஐந்தடியை எட்டாத ஐச், பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியபோது பளுப் பயிற்சி கற்றவர். காலனி ஆட்சியை எதிர்த்ததால் சிறை சென்றார். அங்கே கருவி ஏதுமின்றி, சில நாட்களில் 12 மணி நேரம் வரை பயிற்சி செய்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். வளர்த்த தசையைப் பளுவின்றிக் காப்பாற்ற முடியும் என்பதற்கு ஐச்சின் வாழ்க்கை நல்ல சாட்சி.

அமெரிக்காவில் இதே சரக்கு சார்லஸ் அட்லஸ் பெயரில் விற்பனையானது. இத்தாலியில் பிறந்த ஏஞ்செலோ சிசிலியானோதான் அவர். ஒரு கையை மறு கை எதிர்த்துத் தள்ளும் பயிற்சிகளை ‘டைனமிக் டென்ஷன்’ என்று பெயரிட்டு 1920களின் இறுதியிலிருந்து அஞ்சலில் அனுப்பினார். பார்பெல் உற்பத்தியாளர் பாப் ஹாஃப்மன் அதை வெறும் பித்தலாட்டம் என்று சாடினார், அரசின் வணிக ஆணையம் வரை வழக்குப் போனது, அட்லஸ் தப்பினார்.

அதே ஹாஃப்மன் பிற்காலத்தில் அசையாமல் இறுக்கும் பயிற்சியின் பெரும் வியாபாரியானார். 1953-இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அதற்கு வித்திட்டது. முழுப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு விசையோடு நாளுக்கு ஒரு முறை 6 விநாடி இறுக்கினால் வாரத்துக்குச் சுமார் 5 சதவீதம் பலம் கூடும் என்றார்கள். பின்னால் செய்த சோதனைகளில் அவ்வளவு வேகம் தெரியவில்லை. ஆனாலும் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பளுதூக்கும் வீரர்கள் பில் மார்ச், லூ ரீக்கி இருவரும் இரும்புச் சட்டத்தில் கம்பியைத் தள்ளி நிற்கும் பயிற்சியால் கிடுகிடுவென முன்னேறினார்கள் என்று ஹாஃப்மனின் பத்திரிகை எழுதித் தள்ளியது. ரீக்கி 1964-இல் ஸ்னாட்ச் முறையில் உலக சாதனையும் படைத்தார். அவர்களுக்கு மருத்துவர் ஜான் ஜீக்லர் டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்துவந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. சட்டம் வாங்கிய ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு மாத்திரையின் கதையை யாரும் சொல்லவில்லை. இது ஏமாற்று வேலைதான்.

தசை முறுக்கலை நேரடியாகச் சோதிக்க ஆய்வுக்கூடங்கள் முன்வந்தது அண்மைக் காலத்தில்தான். 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒவ்வொருவரும் ஒரு கையில் கனத்த பளுவோடும் மறு கையில் பளுவே இல்லாமல் முழு மூச்சாக முறுக்கியும் 18 முறை பயிற்சி செய்தனர். இரு கைகளிலும் தசைப் பருமன் ஏறத்தாழ ஒரே அளவு வளர்ந்தது. பளுவைத் தூக்கும் திறனோ, பளுவில் பழகிய கையில்தான் அதிகம் கூடியது. 2020-இல் பிராட் ஷோன்ஃபெல்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, செட்டுகளுக்கு இடையே ஓய்வு நேரத்தில் அரை நிமிடம் முறுக்கியவர்களின் தொடையின் நடுத்தசை கூடுதலாகப் பருத்ததைக் கண்டது. மற்ற தசைகளில் வேறுபாடு இல்லை, பலத்திலும் இல்லை.

பருமன் கூடினாலும் பலம் அதே அளவு கூடாததற்குக் காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. போஸ் கொடுக்கும்போது கையின் முன்தசையும் பின்தசையும் ஒன்றையொன்று எதிர்த்து இறுகுகின்றன, மூட்டு அசையாது. குண்டு எறியும்போது பின்தசை வெடித்துச் சுருங்க, முன்தசை அந்தக் கணமே விட்டுக்கொடுக்க வேண்டும். பயிற்சி ஏற ஏற, எதிர்த்தசையின் வீண் இறுக்கம் குறைவதை நரம்பியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அசையாமல் இறுக்கிப் பெறும் பலமும் பெரும்பாலும் இறுக்கிய கோணத்தை ஒட்டியே நிற்கிறது.

ஆணழகன் மேடையில் ஏறுபவருக்கு முறுக்குவதே போட்டி. ஆகவே அதுவே பயிற்சி. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூட்டை அசைக்க முடியாதவருக்குத் தொடைத் தசையை இறுக்கிவிடும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டுகள் முதல் நாட்களிலேயே கொடுக்கிறார்கள். ஓட்டக்காரருக்கும் கபடி வீரருக்கும் கண்ணாடி முன் நிற்கும் சில நிமிடங்கள் எந்தத் தசை இறுகுகிறது, எது தளர்கிறது என்று உணரக் கற்றுத்தரும்; பளுவுக்கும் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் அது மாற்று ஆகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும் என்பதால், அழுத்தக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.