ஜல்லியும் கண்ணாடி இழையும்

கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக்கின் சமாதிக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அதற்குச் ‘சார்னக்கைட்’ என்று நாமகரணம் செய்ததும், அதே ஜாதிக் கல்தான் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளில் கிடக்கிறது என்பதும் சரித்திரப் பிரியர்கள் அறிந்த விஷயமே; ஆயினும் தாம்பரத்துக்கு ரயிலில் போகிறவர் காணும் அக்குன்றுகள் ஜல்லியாக உடைபட்டுச் சென்னையின் தளங்களுக்கும் தூண்களுக்கும் உள்ளே மறைந்துபோன கதையை யாரும் விஸ்தரித்துச் சொல்வதில்லை. குவாரி இருந்த இடங்களில் இன்று ஆழமான குட்டைகள் நிற்கின்றன.

கல்லுக்கு நேராத விபத்து கான்கிரீட்டுக்கு நேர்வது அதன் உள்ளிருக்கும் கம்பியால்தான்: கடற்காற்றின் உப்பு ஊறிப் புகுந்து கம்பி துருவேற, அத்துரு இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அபகரித்துக்கொள்வதால் மேலுறை வெடித்து உதிர்கிறது. சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டு இதை ஊகிப்பது ஆதி வழி. ரூர்க்கியில் 1965-இல் பிறந்து, பின்னர் தரமணியில் நிலைபெற்ற கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தார், உள்ளே ஏறும் இழுவையை அளப்பதற்காகக் கண்ணாடி இழைகளைக் கான்கிரீட்டின்மேல் ஒட்டியும், உள்ளே புதைத்தும் சோதித்தார்கள்.

இவ்விழை உணரியின் பூர்வீகம் கனடா. 1978-இல் கென் ஹில் குழுவினர், ஒளியைச் செலுத்தும்போதே இழையின் உட்கருவில் நிரந்தரமான வரிகள் பதிவதைக் கண்டார்கள். அவ்வரிகள் ஒரே அலைநீளத்தைத் திருப்பியனுப்ப, இழை நீண்டால் அந்த அலைநீளமும் நகரும். உஷ்ணமும் அதை நகர்த்துமாதலால், நம் சித்திரை வெயிலைத் தனியே அளந்து கழித்தாலன்றிக் கணக்குப் பொய்த்துவிடும்.

நூறாண்டு நிற்கவேண்டிய பாலத்தைக் காவல் காக்க வந்த இவ்விழையின் ஆயுள் எவ்வளவு என்பதே உண்மையான கேள்வி. மின்கம்பியைப் போல் அது துருப்பிடிப்பதில்லை என்று மெச்சுபவர்கள், கான்கிரீட்டின் துவாரங்களிலுள்ள நீர் 12-க்கு மேற்பட்ட பிஎச் கொண்ட கடுங்காரம் என்பதையும், அது கண்ணாடியையே மெல்ல அரிக்க வல்லது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே தலைமயிர் பருமனுள்ள இழையைவிட, அதன்மேல் பூசிய பிளாஸ்டிக் உறைக்கே என் கவலை அதிகம். அதுவும் காரத்தில் கெடுகிறது. கால்கரி நகரின் பெடிங்டன் டிரெயில் பாலத்தில் 1993-இல் புதைத்த உணரிகள் 1999-இலும் அளவு கொடுத்தன என்பது ஆறுதல்தான். ஆனால் பெரும்பாலும் இழை சாவது காரத்தினாலன்று: ஜல்லி கொட்டும்போதும், வைப்ரேட்டர் ஊசி உரசும்போதும், பலகையைக் கழற்றும் அவசரத்தில் கான்கிரீட்டை விட்டு அது வெளியேறும் அந்த ஓரத்தில் மடங்கும்போதுமே.