தரகரின் வாய்ச்சொல் காணி உறுதியாகாது

சொந்தமாக ஒரு வீடு என்பது எல்லோருக்கும் உரிய கனவுதான். ஆயினும், தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளில் காலங்கழித்த மலையக மக்களுக்கு அது சொந்த முகவரி ஒன்றைப் பெறும் முயற்சியுமாகும். நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் பாதையிலுள்ள கந்தப்பளையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் சிறு வியாபாரிகளும் அம்முயற்சியில் இறங்குவதை நாம் காண்கின்றோம். கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைத்த பணம், ஊழியர் சேமலாப நிதி, மனைவியின் நகை, மரக்கறிச் செய்கையில் மிச்சம் பிடித்தது என யாவும் ஒரே கொடுக்கல் வாங்கலில் இடப்படுகின்றன. அதன் வாசலில் நிற்பவர் காணித் தரகர்.

தரகரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. எந்தக் காணி விலைக்கு வருகின்றது, அயலில் ஒரு பேர்ச்சஸ் என்ன விலைக்குப் போனது, தண்ணீர் வசதி எப்படி என்பவற்றை அவரே நன்கறிவார். ஆனால் விற்பனை முடிந்தால்தான் அவருக்கு வருமானம். ஆகவே தரகு எவ்வளவு, அதை வாங்குபவர் கொடுப்பதா விற்பவர் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பவற்றை வீடு பார்க்கச் செல்லுமுன்னரே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். உறுதி எழுதி முடிந்த பின்னர் தரகைக் கொடுப்பதே நன்று.

அடுத்து அறிய வேண்டியது காணியின் வகை. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் அதன் 1975 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றுட் பெரும்பாலானவற்றை நிர்வகித்துவரும் பெருந்தோட்டக் கம்பனிகளும் குத்தகைக்காரர்களே. எனவே தோட்டத்து வீட்டையோ மரக்கறித் துண்டையோ "எழுதித் தருகிறோம்" என்று எவரேனும் கூறினால், கைமாறுவது குடியிருப்பு மட்டுமே, உரிமை அன்று. தனிவீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச்சஸ் காணிகளுக்கும் உறுதி உண்டா, விற்பதற்குத் தடை உண்டா என்று பார்த்தல் வேண்டும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அளிப்புக் காணியாயின், பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் அவசியமாகும்.

பலர் ஏமாறும் இடம் முற்பணமாகும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கைச்சாத்திடப்பட வேண்டும். தரகரின் வீட்டில் முத்திரை ஒட்டிய தாளில் எழுதிய எழுத்தைக் காட்டி அக்காணியைக் கோர முடியாது. முற்பணத்தை உரிமையாளரிடமே, நொத்தாரிசின் முன்னிலையில் கொடுப்பதே பாதுகாப்பு.

அந்த நொத்தாரிசும் நாம் தெரிவு செய்தவராக இருத்தல் வேண்டும். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகாலப் பதிவுகளை அவர் பார்வையிட்டு, ஈடு, வழக்கு, முன்னைய விற்பனை ஏதும் உண்டா என்று கூறுவார். பரம்பரைச் சொத்தாயின் உரிமையாளர் பலராக இருக்கலாம். முஸ்லிம்களின் சொத்து 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்கு அமைய இஸ்லாமிய முறையில் பங்கிடப்படும். மலையகத் தமிழருக்குரிய பொதுச்சட்டத்தில், உயில் எழுதாது இறந்தவரின் வாழ்க்கைத்துணைக்கு அரைவாசியும் பிள்ளைகளுக்கு மீதியும் சேரும். மூத்த மகன் ஒருவரின் கையொப்பம் சகோதரிகளின் பங்கை விற்றுவிடாது.

காணியையும் நேரிற் பார்த்தல் வேண்டும். நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களைச் சரிபார்ப்பதும், வீட்டுக்குச் செல்லும் பாதையின் உரிமை உறுதியில் எழுதப்பட்டிருப்பதை அறிவதும் முக்கியம். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலையகமெங்கும் மண் சரிந்ததை நாம் மறந்துவிட முடியாது. சரிவான காணியெனில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும், வீட்டுக்குப் பிரதேச சபை அனுமதித்த வரைபடமும் இருக்கின்றனவா என்று வினவ வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை சென்று பார்ப்பது தரகர் சொல்லாதவற்றையும் சொல்லித்தரும்.

செலவையும் முன்கூட்டியே கணக்கிடல் நன்று. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சிய தொகைக்கு 4 வீதமுமாகும். நொத்தாரிசுக் கட்டணமும் பதிவுச் செலவும் அதற்கு மேலதிகம். உறுதியைத் தாமதியாது பதிய வேண்டும். பதியாத உறுதியை, அதே காணிக்குப் பின்னர் எழுதிப் பதியப்பட்ட வேறோர் உறுதி வென்றுவிடக் கூடும்.

இறுதியாக ஒன்று. மலையகத்தில் உறுதிகள் பல சிங்களத்தில் எழுதப்படுகின்றன. வாசித்து விளங்காத ஒன்றில் கைச்சாத்திடுவது எவருக்கும் தகாது. தமிழில் எழுதித் தருமாறு கேட்கலாம். இயலாவிடின் நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கொண்டு வரிவரியாக வாசித்து விளக்கம் பெறலாம். கொழுந்து பறித்துச் சேமித்த மனைவியின் பெயரும் அந்த உறுதியில் இடம்பெறல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

தரகர் வழியைக் காட்டட்டும். ஆனால் அவசரப்படுத்தும் தரகருக்காக ஆயுட்காலச் சேமிப்பை அவசரப்படுத்த வேண்டியதில்லை. "நாளைக்கு வேறொருவர் வாங்கிவிடுவார்" என்றால் வாங்கட்டும். நமது வீடு, உறுதி சரியாக உள்ள வீடாகவே இருக்கட்டும்.