கருவேல முள்ளும் மாதக் கூட்டமும்: ஹோஷங்காபாத் அறிவியல் வகுப்பின் 30 ஆண்டுகள்

(நேரலையில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



இந்த நேரலையில் நாவல்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம், கவிதைகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பாடப்புத்தகம். இந்தியில் அதன் பெயர் ‘பால வைக்யானிக்’. ‘குழந்தை விஞ்ஞானி’ என்று தமிழில் சொல்லலாம். மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றங்கரையில் இருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில், 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் படித்த அறிவியல் புத்தகம் அது. அந்த மாவட்டத்திற்கு இன்றைய பெயர் நர்மதாபுரம்.

எங்கோ வடக்கே நடந்ததை நாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் நம்மில் பலர், ஊரில் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறோம். பழைய மாணவர் சங்கம் சேர்ந்து பணம் திரட்டுகிறது. ஆய்வகம் கட்டுகிறோம், கணினி வாங்கித் தருகிறோம், திறப்பு விழாப் படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அதற்குப் பிறகு அந்த ஆய்வகத்தின் கதவு எத்தனை முறை திறக்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஹோஷங்காபாத்தின் கதை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நான் ஆசிரியை அல்ல. பட்டயப் படிப்பு படித்த செவிலியர். எங்கள் வேலையில் ஒன்று தெரியும். வார்டுக்குப் புதிய இயந்திரம் வந்தால், விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து ஒரு மணி நேரம் விளக்கிவிட்டுப் போவார். இரண்டு வாரம் கழித்து இரவுப் பணியில் அது அலறத் தொடங்கும்போது, பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருந்தால் அந்த இயந்திரம் பிழைத்தது. இல்லாவிட்டால் மூலையில் துணி போர்த்தி நின்றுவிடும்.

இனி கதைக்கு வருவோம். ஹோஷங்காபாத் நகரை ஒட்டி ரசூலியா என்று ஓர் இடம். அங்கே குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய கிராமப்புற மையம் ஒன்று இருந்தது. குவேக்கர்கள் தங்களை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொள்பவர்கள். பீடமும் ஆடம்பரமும் இல்லாமல் மௌனத்தில் வழிபடுபவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்த வட்டாரத்திற்கு வந்துவிட்டவர்கள். நமக்கும் ரசூலியாவுக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. 1928இல் இங்கிலாந்திலிருந்து சென்னை பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, பிறகு சாந்திநிகேதனிலும் சேவாகிராமிலும் பணியாற்றி, கோத்தகிரியிலும் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார், தம் பிற்கால ஆண்டுகளில் இருந்தது இதே ரசூலியாவில்தான். அறிவியல் திட்டத்தைத் தொடங்கியவர் அவர் அல்ல. ஆனாலும், கைவேலையோடு சேர்ந்த கல்வி என்ற காந்தியச் சிந்தனைக்கு அந்த மண் பழக்கப்பட்டிருந்தது என்பதை அவர் வாழ்க்கை காட்டும்.

அதே மாவட்டத்தில் இன்னொரு மூலையில் ‘கிஷோர் பாரதி’ என்ற அமைப்பைத் தொடங்கியவர் அனில் சத்கோபால். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் ஆய்வு செய்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமத்திற்கு வந்தார். கிஷோர் பாரதியும் ரசூலியா மையமும் சேர்ந்து மாநில அரசிடம் அனுமதி கேட்டன. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகள் கிடைத்தன. தனியார் பள்ளிக்கூடம் தொடங்கி அதில் புதுமை செய்யவில்லை அவர்கள். இருக்கிற அரசுப் பள்ளி, இருக்கிற ஆசிரியர், இருக்கிற பிள்ளைகள். இதை வைத்துக்கொண்டு அறிவியலைச் செய்து கற்க முடியுமா என்பதுதான் சோதனை.

டாட்டா நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் வந்தார்கள். கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடங்களை எழுதினார்கள், வகுப்பில் பார்த்தார்கள், சரிவராததை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். அப்படி உருவானதுதான் ‘பால வைக்யானிக்’. அந்தப் புத்தகத்தில் பதில்கள் கிடையாது. இதைச் செய், என்ன பார்த்தாய், அட்டவணையில் எழுது, பக்கத்துக் குழுவின் அட்டவணையோடு ஒப்பிடு, ஏன் வேறுபடுகிறது என்று வகுப்பில் பேசு. இப்படியே போகும். மனப்பாடம் செய்ய நினைக்கும் பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு வரி இருக்காது.

கணக்கும் அதற்குள்ளேயே வந்தது. நீளத்தை அளப்பது, பரப்பைக் கணிப்பது, வரைபடம் போடுவது. ஒரே மேசையை நாலு பேர் அளந்தால் நாலு அளவு வரும். அதில் எது சரி என்று ஆசிரியரைக் கேட்காமல், அளவுகள் ஏன் சிதறுகின்றன என்று யோசிக்க வேண்டும். காய்ச்சல் அட்டவணை எழுதும் எவருக்கும் இந்தப் பாடத்தின் அருமை தெரியும்.

கருவிப்பெட்டி ஒவ்வொரு பள்ளிக்கும் போனது. ஆனால் அதில் இருந்ததெல்லாம் கடையில் வாங்கியதாகவே நீடிக்கவில்லை. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டும்; ஊரில் கருவேல மரம் நிற்கிறது, அதன் முள் போதும் என்று ஆனது. 1978இல் அரவிந்த் குப்தா என்ற இளம் பொறியாளர் தன் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். கான்பூர் ஐஐடியில் படித்தவர். சைக்கிள் வால்வுக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணமும் சதுரமும் கனசதுரமும் செய்யலாம் என்று கண்டது இங்கேதான். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் சாயாமல் நிற்கிறது. கூரைச் சட்டத்தில் ஏன் முக்கோணம் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. குப்பையிலிருந்து பொம்மை செய்யும் மனிதராகப் பின்னாளில் உலகம் அவரை அறிந்தது. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

வெளியே பெயர் வாங்கியது இந்த முள்ளும் தீக்குச்சியும்தான். திட்டத்தைத் தாங்கியது வேறொன்று. கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ மூன்று வாரப் பயிற்சி நடந்தது. பிள்ளைகள் செய்யப்போகும் அதே சோதனைகளை அவர்களும் கையால் செய்தார்கள். பள்ளி திறந்த பிறகு, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள். எந்தப் பாடம் ஓடவில்லை, எந்தச் சோதனை தப்பாக வந்தது, எந்தக் கேள்விக்குத் தான் விழித்தேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். தேர்ந்த ஆசிரியர்கள் மற்றப் பள்ளிகளுக்குப் போய் வகுப்பில் உடன் இருந்தார்கள், குற்றம் கண்டுபிடிக்கும் அதிகாரியாக அல்ல, துணைக்கு. ஆசிரியர்களே எழுதும் செய்தி இதழ் ஒன்றும் வந்தது.

பிள்ளைகளுக்கும் ஒரு துணை இருந்தது. அவர் பெயர் சவாலிராம். தமிழில் சவால் என்றால் அறைகூவல், இந்தியில் கேள்வி. கேள்விராமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு மனிதர் கிடையாது, கற்பனைப் பாத்திரம். ஆனால் பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினால் பதில் வரும். ஒரு கிராமத்துச் சிறுமியின் பெயருக்குத் தபால்காரர் கடிதம் கொண்டுவருகிறார், அதுவும் அவள் கேட்ட கேள்விக்குப் பதிலாக. இலக்கியம் பேசும் நமக்கு அந்தக் கடிதத்தின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வையும் அவர்கள் மாற்றினார்கள். 8ஆம் வகுப்புத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். பதில் புத்தகத்தில் இல்லையே, அதனால் பயமில்லை. கூடவே செய்முறைத் தேர்வு. தேர்வு பழையபடியே இருந்தால் எந்தப் புதிய பாடமும் மூன்றே மாதத்தில் பழைய பாடமாகிவிடும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டிருந்தார்கள்.

1978இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 200க்கும் மேற்பட்ட பள்ளிகள். 1982இல் இதை முழுநேரமாக நடத்த ‘ஏகலவ்யா’ என்ற நிறுவனம் உருவானது. டெல்லிப் பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியராக இருந்த வினோத் ரைனா அதன் நிறுவனர்களில் ஒருவர். 1985இல் ‘சக்மக்’ என்ற சிறுவர் இதழ் அங்கிருந்து வரத் தொடங்கியது. திட்டம் 15 மாவட்டங்கள் வரை, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் வரை போனது.

2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது.

எதிர்த்தவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். மாநிலம் முழுவதற்கும் ஒரு புத்தகம், நம் மாவட்டத்திற்கு மட்டும் வேறு புத்தகமா? எங்கள் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறீர்களா? 8ஆம் வகுப்பு வரை கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை, 9ஆம் வகுப்பில் மறுபடியும் மனப்பாடத்திற்குத் திரும்ப வேண்டியிருக்கிறதே, அங்கே பின்தங்கினால் யார் பொறுப்பு? பெற்றோரின் இந்த அச்சம் பொய்யானதல்ல. கூலி வேலை செய்யும் தகப்பனுக்குப் பிள்ளையின் மதிப்பெண்தான் கையில் இருக்கும் ஒரே சீட்டு. அந்த அச்சத்தை உள்ளூர் அரசியல் பிடித்துக்கொண்டது. நாடெங்கிலும் இருந்து விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முடிவு மாறவில்லை. 30 ஆண்டு உழைப்பு ஓர் ஆணையில் நின்றது.

இதில் நான் காண்பது இரண்டு. முதலாவது, கிராமத்து அரசுப் பள்ளியில் நல்ல அறிவியல் வகுப்பு நடக்கவே நடக்காது என்பவர்களுக்கு ஹோஷங்காபாத் பதில் சொல்லிவிட்டது. 16 பள்ளியில் நடந்தது, பிறகு நூற்றுக்கணக்கான பள்ளிகளில் நடந்தது, சம்பளம் அதிகமில்லாத சாதாரண ஆசிரியர்களால் நடந்தது. நடத்திக் காட்டியது கருவிப்பெட்டி அல்ல, ஆசிரியரைத் தனியே விடாத அந்த மாதக் கூட்டம். இரண்டாவது, ஆசிரியரைச் சேர்த்துக்கொண்ட அளவுக்குப் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. 9ஆம் வகுப்பையும் மாற்ற முடியவில்லை. மேலே தொடர்ச்சியும் வெளியே காவலும் இல்லாதபோது, அனுமதி கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

விதை முழுக்க வீணாகவில்லை. புத்தகங்களும் ‘சக்மக்’ இதழும் தொடர்ந்தன. அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி வடிவங்கள் பல மொழிகளுக்குப் போயின, தமிழுக்கும் வந்தன. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும், செய்து பார்த்துக் கற்கும் இதே வழியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்டிவருகின்றன.

அடுத்த முறை பழைய மாணவர் சங்கத்தின் கூட்டத்தில் ஆய்வகத்திற்குப் பணம் கேட்டால், தாராளமாகக் கொடுங்கள். கூடவே சில கேள்விகளையும் கேளுங்கள். இந்தக் கருவிகளை வைத்துப் பாடம் நடத்தப்போகும் ஆசிரியை யார்? அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்? பக்கத்து ஊர் ஆசிரியர்களோடு மாதம் ஒருமுறை கூடிப் பேச அவருக்குப் பேருந்துச் செலவும் ஒரு நாள் அனுமதியும் கிடைக்குமா? உடைந்த சோதனைக் குழாய்க்குப் பதில் புதியது வாங்க அடுத்த ஆண்டும் பணம் இருக்குமா? அந்த ஊர்ப் பெற்றோர் ஒருநாள் வகுப்புக்குள் வந்து, தங்கள் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறார்களா?

பேருந்துச் செலவுக்குத் திறப்பு விழா வைக்க முடியாது, கல்வெட்டில் பெயரும் வராது. ஆனால் நாம் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.